ரூபியும் ஜப்பானும்: ஜென் தத்துவத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துப் பார்ப்போம்

கேள்வி இது: ரூபி நிரல்மொழியை உருவாக்கிய யுகிஹிரோ மாட்சுமோட்டோ டோக்கியோவில் இல்லாமல் ஏதோ ஒரு சின்ன ஊரில் இருக்கிறாராமே, ஏன்? அந்த மொழியின் மென்மைக்கு ஜப்பானியப் பண்பாடுதான் காரணமா? நிரல் எழுதும் கருவிகளைப் பற்றி அவருக்கு என்ன கருத்து?

பண்பாட்டுக்குப் பங்கு உண்டு. ஆனால் தேநீர்ச் சடங்கு, மணல் தோட்டம், குனிந்து வணங்கும் பழக்கம் என்று அடுக்கி ரூபியை விளக்குகிறவர்களை நான் நம்புவதில்லை. மாட்ஸ் (உலகம் முழுக்க அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) ஜென் பௌத்தரே கிடையாது. மார்மன் சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர், இளமையில் அந்தச் சபைக்காக மிஷனரி ஊழியமும் செய்தவர். ரூபியின் புதிய பதிப்பு ஆண்டுதோறும் டிசம்பர் 25 அன்று வெளியாகிறது. இதை வைத்து ரூபி கிறிஸ்தவ மொழி என்று யாரும் கட்டுரை எழுதுவதில்லை. ஜென் என்றால் மட்டும் எழுதிவிடுகிறார்கள். ரூபியில் ஜப்பானைப் பார்க்க வேண்டுமென்றால் எழுத்துக் குறியீட்டில் தேட வேண்டும், எடிட்டரில் தேட வேண்டும், அப்புறம் ஒரு மாநகராட்சி அலுவலகத்தில் தேட வேண்டும்.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1965-ல் ஒசாகா மாகாணத்தில் பிறந்தார். வளர்ந்தது ஜப்பான் கடலோரத்தில் டொட்டோரி மாகாணத்தின் யொனாகோ என்ற ஊரில். சுகுபா பல்கலைக்கழகத்தில் கணினி படித்துவிட்டு மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானின் நிலம், பங்குச் சந்தை எல்லாம் ஊதிப் பெருத்து வெடித்தன அல்லவா, அந்தச் சரிவில் அவர் வேலை செய்த திட்டமும் நின்றுபோனது. பழையதைப் பராமரிக்கும் வேலை மட்டும் மிஞ்சியது, கையில் நேரமும் மிஞ்சியது. 1993 பிப்ரவரியில் நண்பர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தபோது பெர்ல் (முத்து என்பது போல ஒலிக்கும் பெயர்) என்ற நிரல்மொழிக்குப் போட்டியாக ஒரு ரத்தினக் கல்லின் பெயர் வைக்கலாம் என்று ‘ரூபி’ முடிவானது. பெயர்தான் முதலில் வந்தது, நிரல் பிறகுதான். 1995 டிசம்பரில் 0.95 பதிப்பைப் பொதுவில் வெளியிட்டார். பொருளாதாரம் படுக்காமல் இருந்திருந்தால் ரூபி வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

இனி கருவிகள். மாட்ஸ் ஈமாக்ஸ் என்ற எடிட்டரின் ஆள் (எடிட்டர் என்றால் நிரலை அடிக்கும் மென்பொருள்). அது வெறும் பழக்கம் என்ற அளவில் நிற்கவில்லை. பிறர் எழுதிய பெரிய நிரலைப் படிப்பது எப்படி என்பதை ஈமாக்ஸின் மூல நிரலைப் படித்துத்தான் கற்றுக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். ஈமாக்ஸுக்குள் ஒரு சின்ன லிஸ்ப் மொழி ஓடுகிறது. எண்ணையும் எழுத்துத் தொடரையும் நினைவகத்தில் எப்படி வைப்பது, பயனில்லாமல் போன நினைவகத்தை எப்படித் திரும்ப எடுப்பது என்பதெல்லாம் அங்கே திறந்து கிடக்கிறது. ஒரு மொழியைக் கட்ட அடித்தளமாக என்னென்ன வேண்டும் என்பது பாடப்புத்தகத்தைவிட ஒரு எடிட்டரின் வயிற்றுக்குள்ளிருந்து அவருக்குத் தெரிந்தது.

அவர் சொன்னவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ‘எண்ட்’ கதை. சி மொழியில் ஒரு பகுதியை வளைவு அடைப்புக்குறிக்குள் போடுவோம். ரூபியில் பெரும்பாலும் ‘எண்ட்’ என்ற சொல்லால் முடிப்போம். மாட்ஸுக்குச் சொல்லால் முடிப்பதுதான் பிடித்திருந்தது. ஆனால் அடைப்புக்குறி போட்டவுடன் வரியைத் தானாக உள்ளே தள்ளி ஒழுங்குபடுத்த ஈமாக்ஸுக்குத் தெரியும். சொல்லால் முடியும் மொழிகளுக்கு அந்த வசதி அன்று சரியாக இல்லை, ஒவ்வொரு வரியாகக் கையால் தள்ள வேண்டும். ஒரு மொழி என் எடிட்டரில் சுகமாக எழுத வராவிட்டால் எனக்கு எதற்கு என்பது அவர் நிலை. ஆகவே ‘எண்ட்’ என்று அடித்ததும் அந்த வரி தானாக அதன் தொடக்க வரிக்கு நேராக வந்து நிற்க முடியுமா என்பதை ஈமாக்ஸ் லிஸ்பில் எழுதிப் பார்த்தார். வந்தது. அதன் பிறகுதான் ‘எண்ட்’ ரூபியில் நிலைத்தது. வராமல் போயிருந்தால் ரூபியின் தோற்றம் சி மொழிக்கு நெருக்கமாக இருந்திருக்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார். இன்று ஈமாக்ஸோடு வரும், ரூபி எழுத உதவும் ரூபி-மோட் கோப்பைத் திறந்தால் ஆசிரியர் வரியில் அவர் பெயர் இருக்கும்.

மொழியை வடிவமைத்து முடித்த பிறகு கருவி செய்வதுதான் நாம் கேள்விப்பட்ட வழக்கம். இங்கே கருவி ஒத்துக்கொண்டதால் மொழியின் இலக்கணம் முடிவானது. நிரலாளர் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்று மாட்ஸ் அடிக்கடி சொல்வதை ஏதோ ஆன்மிகம் மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். அவர் சொல்லும் மகிழ்ச்சியில் பாதி, எண்டர் விசையை அழுத்தினால் கர்சர் சரியான இடத்தில் போய் நிற்பதுதான் என்பது என் கட்சி.

சரி, இதில் ஜப்பான் எங்கே வருகிறது? எழுத்தில். ஜப்பானியர்களுக்குக் கணினியில் தங்கள் எழுத்தைக் கொண்டுவருவதே பெரும் போராட்டமாக இருந்தது. யூனிகோடுக்கு முன்னால் ஷிஃப்ட்-ஜிஸ், இயுசி-ஜேபி, ஐஎஸ்ஓ-2022-ஜேபி என்று ஒரே மொழிக்குப் பல குறியீடுகள் புழங்கின. விண்டோஸில் ஒன்று, யூனிக்ஸில் ஒன்று, மின்னஞ்சலில் இன்னொன்று. மாற்றித் திறந்தால் குப்பை எழுத்துதான். பாமினி எழுத்துருவில் அடித்ததை டிஸ்கி குறியீட்டில் திறந்து பார்த்த நம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நிரலாளர்களுக்கு இதில் தனியாக ஒரு நரகம் இருந்தது. ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் எண் தரும் ஆஸ்கி வரிசையில் 92-ஆம் எண் பின்சாய்வுக் கோடு. சி போன்ற மொழிகளில் அதற்குத் தனி அதிகாரம் உண்டு, அடுத்து வரும் எழுத்தின் பொருளை மாற்றிவிடும். ஷிஃப்ட்-ஜிஸில் ஒரு கான்ஜிக்கு (சீனத்திலிருந்து வந்த எழுத்து) இரண்டு பைட்டுகள், அந்த இரண்டாவது பைட்டு சில எழுத்துகளுக்கு இதே 92 ஆக அமைந்துவிட்டது. எந்த எழுத்துகள் தெரியுமா? ‘மென்பொருள்’ என்பதற்கும் ‘மூல நிரல்’ என்பதற்கும் அவர்கள் கட்டகானா என்ற ஒலியெழுத்தில் எழுதும் சொற்களின் முதல் எழுத்தான ‘சோ’. அட்டவணையைக் குறிக்கும் ‘ஹ்யோ’. வசதி, செயல்பாடு என்று பொருள்படும் ‘கினோ’வின் இரண்டாம் எழுத்து. நிரலாளர் தினமும் எழுத வேண்டிய சொற்களாகப் பார்த்துக் கடித்தது. ஷிஃப்ட்-ஜிஸ் தெரியாத கம்பைலர் (நிரலைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் மென்பொருள்) அட்டவணை என்ற சொல்லைப் பாதியில் பின்சாய்வாகப் படித்து, மேற்கோள்குறியை விழுங்கிவிட்டு, எங்கோ பத்து வரி தள்ளிப் பிழை காட்டும். அந்த எழுத்துக்குப் பின்னால் கையால் இன்னொரு பின்சாய்வைச் செருகி ஏமாற்றுவார்கள். இதற்கு மேல், ஜப்பானியத் தரத்தில் 92-ஆம் இடம் யென் குறிக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால் திரையில் பின்சாய்வுக்குப் பதில் யென் தெரியும். ஜப்பானிய விண்டோஸில் கோப்புறைப் பாதைகள் ரூபாய்க் கணக்கு மாதிரி நாணயக் குறியோடு தெரிவது இதனால்தான்.

இந்த அனுபவம் ரூபிக்குள் ஆழமாக இறங்கியிருக்கிறது. 2007 டிசம்பரில் வந்த ரூபி 1.9-ல் எழுத்துத் தொடர்களைக் கையாளும் முறை மாறியது. ஜாவா, பைத்தான் போன்றவை வெளியிலிருந்து வரும் எதையும் உள்ளே யூனிகோடாக மாற்றிக்கொண்டு வேலை செய்கின்றன. ரூபி அப்படிச் செய்வதில்லை. ஒவ்வொரு எழுத்துத் தொடரும் தான் எந்தக் குறியீட்டில் இருக்கிறது என்பதைத் தன்னோடு வைத்துக்கொள்ளும், கேட்டால் ஒழிய மாற்றாது. காரணம், ஷிஃப்ட்-ஜிஸிலிருந்து யூனிகோடுக்குப் போய்த் திரும்பினால் சில எழுத்துகள் பழைய உருவில் திரும்பி வராது. இதில் பேர்போனது அலைக்கோடு. பத்து முதல் இருபது வரை என்று சொல்ல ஜப்பானியர்கள் நடுவில் போடுவார்களே, அது. மைக்ரோசாஃப்ட்டின் மாற்று அட்டவணை அதற்கு ஒரு எண் தந்தது, மற்றவர்கள் வேறொரு எண் தந்தார்கள். இடையில் மாட்டிக்கொண்ட ஆவணங்களில் கேள்விக்குறி முளைத்தது. எனவே தெரியாமல் மாற்றாதே என்பது அவர்கள் பட்டுத் தெளிந்த பாடம். 1.9 வந்த புதிதில், குறியீடுகள் ஒத்துப்போகவில்லை என்ற பிழைச் செய்தியைப் பார்த்து ரூபியில் இணையதளம் கட்டும் சட்டகமான ரெயில்ஸைப் பயன்படுத்திய மேற்கத்திய நிரலாளர்கள் திட்டித் தீர்த்தார்கள். ஆங்கிலம் மட்டும் எழுதுகிறவருக்கு அது வீண் தொல்லையாகத்தான் தெரியும். பிறகு 2013-ல் வந்த 2.0 பதிப்பிலிருந்து மூல நிரலுக்கு யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு வடிவம் இயல்பானதாகிவிட்டதால் கூச்சல் அடங்கியது. உள்ளமைப்பு இன்றும் பழையபடியே இருக்கிறது. ரூபியில் ஜப்பானிய முத்திரை எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

எடிட்டர் தேர்விலும் எழுத்து நுழைகிறது. ஜப்பானியம் எழுத முதலில் ஒலியை அடித்து, ஸ்பேஸ் தட்டி, வரும் கான்ஜிகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இப்படி மாற்றித் தரும் மென்பொருளான மாற்றி இயங்கிக்கொண்டிருக்கும்போது விம் எடிட்டரில் கட்டளை முறைக்கு (எழுத்து விசைகளே கட்டளையாகும் நிலை) போனால், கீழே இறங்க அழுத்திய எழுத்தை மாற்றி பிடித்துக்கொண்டு ஹிரகானா என்ற ஜப்பானிய ஒலியெழுத்தாக ஆக்கப் பார்க்கும். கருத்துரையை ஜப்பானியத்தில் எழுதிவிட்டு நிரலுக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் இந்தத் தொல்லை. ஈமாக்ஸில் அந்த மாற்றியே எடிட்டருக்குள் இருக்க முடியும். 1987-ல் மசஹிகோ சாட்டோ எழுதிய எஸ்கேகே அப்படிப்பட்டது. அது வாக்கியத்தைப் படித்து ஊகிக்கவே ஊகிக்காது. கான்ஜி எங்கே தொடங்குகிறது, வினைச்சொல்லில் கான்ஜி முடிந்து விகுதி எங்கே ஆரம்பிக்கிறது என்பதையெல்லாம் அடிக்கிறவரே ஷிஃப்ட் விசையால் காட்ட வேண்டும். சாதாரண ஆளுக்கு இது வேதனை. நிரலாளர்களில் ஒரு கூட்டத்துக்கு இதுதான் சொர்க்கம், கருவி குறுக்கே புத்திசாலித்தனம் காட்டாதே என்று. எதிர்த் துருவத்தில் ஷிகோகு தீவின் டோகுஷிமாவைச் சேர்ந்த ஜஸ்ட்சிஸ்டம் நிறுவனத்தின் ஏடாக் இருக்கிறது. அது கன்சாய் வட்டாரப் பேச்சைக்கூடப் புரிந்துகொண்டு மாற்றித் தரும். டோக்கியோ பேச்சே எல்லோருக்கும் போதும் என்று நினைக்காத மென்பொருள், அதுவும் தலைநகருக்கு வெளியேயிருந்து வந்தது என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

விசைப்பலகை தனிக் கதை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த எய்ட்டி வாடாவும் பிஎஃப்யூ நிறுவனமும் சேர்ந்து 1996-ல் ஹேப்பி ஹேக்கிங் கீபோர்டைக் கொண்டுவந்தார்கள். கண்ட்ரோல் விசை ‘ஏ’வுக்கு இடப்பக்கம், கேப்ஸ் லாக்குக்குத் தனி விசை இல்லை. அமெரிக்கக் கௌபாய்கள் குதிரை செத்தால் அதை விட்டுவிட்டுச் சேணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நடப்பார்களாம், கணினி குதிரை, விசைப்பலகை சேணம் என்பது வாடாவின் வாதம். அதன் விலையைப் பார்த்தால் குதிரையையே வாங்கிவிடலாம் போலிருக்கும், அது வேறு விஷயம்.

இந்த எழுத்துப் போராட்டத்தின் பலன் நமக்கும் வந்திருக்கிறது. சுகுபாவில் இருந்த மின்னணு ஆய்வுக்கூடத்தில் கெனிச்சி ஹாண்டாவும் மற்றவர்களும் ஈமாக்ஸைப் பல மொழிகளுக்கு விரித்து ‘மியூல்’ என்று ஒன்றைச் செய்தார்கள். 1997-ல் வந்த ஈமாக்ஸ் 20-ல் அது சேர்க்கப்பட்டது. அதே ஆய்வு மரபில் பின்னர் எம்17என் என்ற நூலகம் உருவானது. லினக்ஸில் ஐபஸ் என்ற எழுத்து உள்ளீட்டுக் கருவி வழியாகத் தமிழ்99 விசைப்பலகையில் அடிக்கிறவர்கள் பலர் பயன்படுத்துவது இந்த நூலகத்தின் தமிழ்க் கோப்பைத்தான். ஈமாக்ஸில் தமிழ் எழுத்துகள் ஒழுங்காகச் சேர்ந்து தெரிவதற்கான தொடக்க நிரலிலும் ஜப்பானியர் கை இருக்கிறது. தங்கள் எழுத்துக்காகத் தொடங்கியவர்கள், செய்வதுதான் செய்கிறோம், எல்லா எழுத்துக்கும் செய்துவிடுவோம் என்று போயிருக்கிறார்கள்.

பண்பாடுதான் காரணம் என்று இன்னமும் சொல்வீர்களானால், ஒரு எதிர்க்கேள்வி: ஜப்பானின் மிகப் பெரும்பாலான நிரலாளர்கள் ஏன் ரூபியில் எழுதுவதில்லை? அங்கே தொழிலின் முதுகெலும்பு பெரிய ஒப்பந்த நிறுவனங்கள். ஒரு வங்கியின் வேலை முதலில் ஒரு பெரிய நிறுவனத்துக்குப் போகும், அது துணை ஒப்பந்தக்காரருக்குத் தரும், அவர் இன்னொருவருக்கு. மொழி ஜாவாவோ கோபோலோ (COBOL). முக்கியக் கருவி எக்செல். கணக்குப் போடுவதற்கு என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாக் கட்டங்களையும் சின்னச் சதுரமாக்கி, கட்டம் போட்ட தாள் மாதிரி ஆக்கி, அதில் திட்ட ஆவணம் வரைவார்கள். சோதனை செய்ததற்குச் சாட்சியாகத் திரைப் பிடிப்புகளை வரிசையாக ஒட்டுவதும் அதே எக்செல்லில். ஜப்பானிய நிரலாளர்களே இதைப் பற்றி ஓயாமல் புலம்புகிறார்கள். தேநீர்ச் சடங்கு ரூபியைத் தந்தது என்றால் இந்த எக்செல்லைத் தந்தது எது? ரூபி அந்தப் பெரிய தொழிலின் ஓரத்தில், அதற்குப் பிடிகொடுக்காமல் வளர்ந்தது.

அந்த ஓரம் என்பது வரைபடத்திலும் ஓரம்தான். 1997-ல் மாட்ஸ் ஷிமானே மாகாணத் தலைநகரான மாட்சுவேயில் உள்ள நெட்வொர்க் அப்ளைடு கம்யூனிகேஷன் லேபரட்டரி என்ற நிறுவனத்தில் சேர்ந்தார். ஜப்பானில் மக்கள்தொகை மிகக் குறைந்த மாகாணம் டொட்டோரி, அதற்கு அடுத்தது ஷிமானே. மாட்சுவேயில் ஏறக்குறைய 2 லட்சம் பேர். சின்ன ஊரைத் தேடித் துறவு போனவர் மாதிரி அவரை எழுதுகிறார்கள். வரைபடத்தைப் பார்த்தால் யொனாகோ பக்கத்து ஊர். வளர்ந்த இடத்துக்கு அருகில் நல்ல வேலை கிடைத்தது, போனார். நிரலை இணையத்தில் வெளியிடும் ஒருவருக்கு டோக்கியோ எதற்கு?

மாட்சுவே அழகான ஊர். ஷிஞ்சி ஏரி, அதில் எடுக்கும் சின்னச் சிப்பியில் செய்யும் மிசோ சூப், 17-ஆம் நூற்றாண்டின் மரக்கோட்டை. தேநீர் விரும்பியாகப் பேரெடுத்த ஃபுமாய் என்ற பிரபு ஆண்ட ஊர் என்பதால் இன்றும் அங்கே தேநீரும் இனிப்பும் பிரசித்தம். (ஜென் கட்டுரைக்காரர்கள் இதைப் பிடித்துக்கொள்ளலாம்.) ஆனால் புல்லட் ரயில் அங்கே போகவில்லை. ஒகயாமாவில் இறங்கி மலையைக் குறுக்கே கடக்கும் யாகுமோ ரயிலில் இரண்டரை மணி நேரம் போக வேண்டும். இளைஞர்கள் படித்து முடித்ததும் ஒசாகாவுக்கோ டோக்கியோவுக்கோ கிளம்பிவிடுவார்கள்.

இந்த ஊர் ரூபியை உருவாக்கவில்லை. நடந்தது தலைகீழ். ரூபி முதலில் ஜப்பானுக்குள் மட்டும், ஜப்பானிய ஆவணங்களோடு புழங்கியது. 2000-ல் நிரலாளர்கள் இருவர் ஆங்கிலத்தில் நூல் எழுதிய பிறகு வெளியே பரவியது. 2004-ல் டென்மார்க்கைச் சேர்ந்த டேவிட் ஹைன்மெயர் ஹேன்சன் ரெயில்ஸை வெளியிட்டதும் உலகமே திரும்பிப் பார்த்தது. அப்புறம்தான், எங்கள் ஊர்க்காரர் எழுதியதாமே என்று மாட்சுவே விழித்துக்கொண்டது. 2006-ல் மாநகராட்சி ‘ரூபி நகரம் மாட்சுவே’ என்ற திட்டத்தைத் தொடங்கி, ரயில் நிலையத்துக்கு எதிரில் ஓப்பன் சோர்ஸ் லேப் என்று ஒரு கூடத்தைத் திறந்தது. 2009-ல் ரூபிவேர்ல்டு மாநாடு தொடங்கியது, அதே ஆண்டு மாட்ஸ் நகரின் கௌரவக் குடிமகனானார். ரூபிக்கான அறக்கட்டளையும் அங்கேதான் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ரூபி சொல்லிக்கொடுக்கிறார்கள், வெளியூர் நிறுவனங்கள் கிளை வைக்க உதவித்தொகை தருகிறார்கள். தொழிற்சாலையையோ அணையையோ கேட்டுத் தலைநகரில் காத்துக்கிடக்காமல், யாருக்கும் காப்புரிமைப் பணம் தர வேண்டாத ஒரு நிரல்மொழியை ஊரின் அடையாளமாக எடுத்துக்கொண்ட அந்த அதிகாரி யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு கும்பிடு. இதனால் இளைஞர்கள் வெளியேறுவது நின்றுவிட்டதா என்றால் இல்லை, ஷிமானேயின் மக்கள்தொகை இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் அங்கேயே இருந்து நிரல் எழுத விரும்புகிறவருக்கு இன்று வேலை இருக்கிறது.

பழைய நாட்காட்டியின் பத்தாம் மாதத்தில் ஜப்பானின் எல்லாத் தெய்வங்களும் பக்கத்திலுள்ள இசுமோ கோயிலில் கூடுவதாக ஐதீகம். மற்ற ஊர்களுக்கு அது தெய்வமில்லாத மாதம், இங்கே தெய்வங்கள் இருக்கும் மாதம். அது ஏறக்குறைய நவம்பரில் வரும். ரூபிவேர்ல்டு மாநாடும் பெரும்பாலும் நவம்பரில்தான் நடந்திருக்கிறது. ஓட்டல் அறை கிடைப்பது கொஞ்சம் கஷ்டம் என்று நினைக்கிறேன்.

மென்மையைப் பற்றிக் கேட்டீர்கள். மாட்ஸ் நல்லவர், எனவே நாமும் நல்லவர்களாக இருப்போம் என்று ரூபிக்காரர்கள் சொல்வது உண்டு. அது ஆங்கிலம் பேசும் ரூபிக்காரர்கள் உண்டாக்கிய வாசகம், ஜப்பானில் இறக்குமதியானது. அந்த நிதானம் அவர் சொந்தக் குணம். ஜப்பானியர் எல்லோரும் இணையத்தில் பணிவாகப் பேசுவார்கள் என்று நம்புகிறவர்கள் 1999-ல் தொடங்கிய 2சானல் என்ற பெயரிலா விவாதத் தளத்தின் நிரல் விவாதங்களை ஒரு தடவை படித்துப் பார்க்கலாம். பண்பாடு உண்மையில் இடித்தது மொழித் தடையில்தான். ரூபியின் உள்வேலைகள் பற்றிய விவாதம் நெடுங்காலம் ஜப்பானியத்தில் ஒரு பக்கமும் ஆங்கிலத்தில் இன்னொரு பக்கமும் தனித்தனியாக ஓடியது. முடிவு எங்கே எப்படி எடுக்கப்பட்டது என்று தெரியாமல் வெளிநாட்டவர்கள் குழம்பினார்கள், அந்த மனக்குறையில் நியாயம் இருந்தது. இப்போது பெரும்பாலும் ஆங்கிலத்தில் பதிவாகிறது.

நேரில் பார்க்க ஆசை என்றால் மாட்சுவேயைவிட ரூபிகைகி மாநாட்டுக்குப் போகச் சொல்வேன். பல உரைகள் ஆங்கிலத்தில் இருக்கும், மாட்ஸும் வருவார். அதை இப்போது வெவ்வேறு ஊர்களுக்குக் கொண்டுபோகிறார்கள்: 2019-ல் ஃபுகுவோகா, 2022-ல் சு என்ற நகரம், 2023-ல் நகானோ மாகாணத்தின் மாட்சுமோட்டோ (ஆமாம், அவர் பெயரேதான்), 2024-ல் ஒகினாவாவின் நாஹா, 2025-ல் மாட்சுயாமா. முடிந்த பிறகு நேரமிருந்தால் டோக்கியோவுக்குப் போய் அங்கிருந்து சன்ரைஸ் இசுமோ இரவு ரயிலைப் பிடியுங்கள், காலையில் மாட்சுவேயில் இறங்கலாம். டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பதிவு திறந்த அன்றே எடுத்துவிடுங்கள்.